கடைக்குப் போகும் வழியில் ஓர் அஞ்சலகம்

சிங்கப்பூரின் வடகோடியில் இருக்கும் செம்பவாங்கில் யாரும் அஞ்சலகத்துக்கென்றே கிளம்பிப் போவதில்லை. மீன் வாங்கப் போகிறவர், பிள்ளையைத் துணைப்பாட வகுப்பில் விடப் போகிறவர், வேலை முடிந்து எம்ஆர்டி ரயிலில் வந்து இறங்குகிறவர் என எல்லாரும் போகிற போக்கில்தான் அங்கே எட்டிப் பார்க்கிறார்கள். அஞ்சலகம் கடைத்தொகுதிக்குள் இருக்கிறது. ஒரு கையில் பேரங்காடிப் பை, மறு கையில் அளவு சரியில்லாமல் திருப்பி அனுப்ப வேண்டிய சட்டைப் பொட்டலம், விரலிடுக்கில் வரிசை எண் சீட்டு. தனிக் கட்டடம், வாசலில் நிற்கும் சிவப்புப் பெட்டி, திண்ணையில் மனு எழுதித் தருகிறவர் என்று தமிழ்நாட்டுத் தபாலாபீசைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது அஞ்சலகம் என்று நம்பவே சற்று நேரம் பிடிக்கும்.

கடிதம் எழுதுவதே அருகிப்போன காலத்தில் இந்த வரிசை எதற்கு? நிற்கிறவர்களின் கையைப் பார்த்தால் தெரியும். இணையத்தில் வாங்கியதைத் திருப்பி அனுப்புகிறவர்கள் பாதிப் பேர். வீட்டில் ஆளில்லாதபோது அஞ்சல்காரர் விட்டுப்போன சீட்டோடு, கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டிய பதிவு அஞ்சலைத் தேடி வந்தவர்கள் சிலர். கட்டணங்களைக் கைத்தொலைபேசியில் கட்டத் தயங்கி, ரசீதைக் கையில் வாங்கினால்தான் நிம்மதி என்று நிற்கும் முதியவர்கள் சிலர். அடையாள அட்டை வாங்க வந்தவர்களும் உண்டு. சிங்கப்பூரர் ஒருவர் 15 வயதில் அடையாள அட்டைக்குப் பதிந்துகொள்கிறார். 30 வயதிலும் 55 வயதிலும் மறுபடி பதிகிறார். அந்தப் புது அட்டையையோ புதுப்பித்த கடப்பிதழையோ வாங்க முன்பெல்லாம் லாவெண்டரில் இருக்கும் குடிநுழைவு ஆணையக் கட்டடத்துக்குப் போக வேண்டியிருந்தது. இப்போது தேர்ந்தெடுத்த அஞ்சலகங்களிலேயே கைரேகை வைத்து வாங்கிக்கொள்ளலாம். வடகோடியில் இருக்கிறவருக்கு இது அரைநாள் மிச்சம்.

வசதி என்றால் வீட்டுக்கு எத்தனை மீட்டர் தூரம் என்றுதான் திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் கணக்குப் போடுகிறார்கள். செம்பவாங்கில் வாழ்கிறவரின் கணக்கு வேறு: ஒரு வேலைக்காக வெளியே கிளம்பினால் இன்னும் எத்தனை வேலை கூடவே முடியும்? மூட்டுவலியோடு மின்தூக்கியில் இறங்கிவரும் ஒருவருக்கு இந்த இரண்டாவது கணக்குத்தான் கணக்கு. அஞ்சலகம் கடைத்தொகுதிக்குள் வந்ததன் நியாயம் அதில் இருக்கிறது. அதன் ஆபத்தும் அதே கடைத்தொகுதிக்குள்தான் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தோ பாயோ, அங் மோ கியோ, பிடோக் போன்ற பழைய வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) நகர்களில் அஞ்சலகத்தின் பெயரோடு 'சென்ட்ரல்' என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கும். நகர மையம் என்று ஒன்றைத் தரையில் அளந்து வரைந்து, அதில் சந்தை, திரையரங்கு, வங்கி, அஞ்சலகம் என்று வரிசையாக வைத்துக் கட்டிய காலம் அது. பின்னர் வந்த தலைமுறை அஞ்சலகங்களின் பெயர்களைப் பாருங்கள்: ஜூரோங் பாயிண்ட், ஹார்பர்ஃபிரண்ட் சென்டர், சன்டெக் சிட்டி. மூன்றும் கடைத்தொகுதிகளின் பெயர்கள். ஊர்ப் பெயர் போய்க் கட்டடத்தின் பெயர் வந்துவிட்டது.

செம்பவாங் இந்த இரண்டாம் தலைமுறையைச் சேர்ந்த நகர். 1996 பிப்ரவரி 10 அன்று ஈசூனிலிருந்து உட்லண்ட்ஸ் வழியாகச் சுவா சூ காங் வரை வடக்கு வளையத்து ரயில் ஓடத் தொடங்கியபோது செம்பவாங் நிலையத்தைச் சுற்றி வீடுகளே இன்னும் முழுதாக எழவில்லை. ரயில் முதலில், குடியிருப்பு பின்னால். நிலையத்தை ஒட்டி சன் பிளாசா வந்தது. அதன் ஐந்தாம் தளத்தில் பொது நூலகம் வந்தது. பக்கத்திலேயே பேருந்து முனையம் வந்தது. செம்பவாங் சாலையில் அதற்கு முன்பே நின்ற செம்பவாங் ஷாப்பிங் சென்டர் இடித்துப் புதுப்பிக்கப்பட்டது. 2019 நவம்பரில் கேன்பரா ரயில் நிலையம் திறந்ததும் அதையொட்டி கேன்பரா பிளாசா எழுந்தது. ஆக இந்த ஊரில் 'நகர மையம்' என்று விரல் நீட்டினால் அது குளிரூட்டப்பட்ட ஏதோ ஒரு வாசலில்தான் போய் நிற்கும். அஞ்சலகம் வேறெங்கே போகும்?

இப்போது செம்பவாங்கில் இருக்கிறவர்கள் பலருக்கு இந்த ஊரின் தபால் எவ்வளவு பழையது என்று தெரியாது. வீவக வருமுன்னே, எம்ஆர்டி வருமுன்னே, இது நேவல் பேஸ். பிரிட்டிஷ் கடற்படைத் தளம். 1938 பிப்ரவரி 14 அன்று கிங் ஜார்ஜ் VI உலர்துறை இங்கே திறக்கப்பட்டது. அந்நாளில் உலகின் மிகப் பெரிய உலர்துறைகளில் ஒன்று. பட்டறைகளிலும் கிடங்குகளிலும் வேலை பார்த்தவர்களில் தமிழர்களும் மலையாளிகளும் ஏராளம். மலையாளிகள் அவ்வளவு பேர் இருந்ததால் இந்தப் பக்கத்துக்கு 'லிட்டில் கேரளா' என்ற செல்லப் பெயர்கூட உண்டு. தமிழர்கள் இங்கே ஒரு மரத்தடியில் வழிபடத் தொடங்கிய முருகன்தான் இன்று ஈசூனில் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்தில் இருக்கிறார். பங்குனி உத்திரத்துக்குக் காவடியோடு போகிறவர்களில் நேவல் பேஸ் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன.

அந்தக் குடும்பங்களுக்குத் தபால்தான் ஊர். எஸ்.எஸ். ரஜூலா என்ற கப்பல் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வந்தது. 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1970களின் தொடக்கம்வரை ஓடியது. கப்பலேறி வந்தவர்கள் ஊரோடு பேச நீல நிற ஏரோகிராம் இருந்தது: தாளும் அதுவே, உறையும் அதுவே, ஓரத்தில் மடித்து ஒட்ட வேண்டியது. முகவரி எழுதும்போது ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு எண் போட வேண்டும்: 'சிங்கப்பூர் 27'. தீவை அஞ்சல் வட்டாரங்களாகப் பிரித்தபோது இந்த வடகோடிக்குக் கிடைத்த எண் அது. 1979-இல் நான்கு இலக்கக் குறியீடு வந்தது. 1995 செப்டம்பரிலிருந்து ஆறு இலக்கம். ஆனால் 27 சாகவில்லை. வீடு விற்கும் முகவர்கள் இன்றும் செம்பவாங்கை 'டி27' என்றுதான் விளம்பரத்தில் போடுகிறார்கள். தபால்காரருக்காகப் பிறந்த எண் சொத்து முகவரின் கையில் ஓய்வுக்காலம் கழிக்கிறது.

ஆறு இலக்க முறையைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் இரண்டு இலக்கம் வட்டாரம், செம்பவாங்குக்கு 75. மீதி நான்கும் கட்டடத்தைக் குறிக்கும். இந்தியாவில் பின்கோடு ஒரு ஊரையோ ஊரின் ஒரு பகுதியையோ காட்டும். சிங்கப்பூரில் அது ஒரே ஒரு கட்டடத்தைக் காட்டிவிடும். சன் பிளாசாவின் எண் 757713. வேறெந்தக் கட்டடத்துக்கும் அந்த எண் கிடையாது. வாடகைக் கார் ஓட்டுநரும் உணவு கொண்டுவரும் இளைஞரும் இந்த எண்ணைத் தட்டித்தான் நம் வாசலுக்கு வருகிறார்கள். கடிதம் குறைந்த நாட்டில் அஞ்சல் துறை விட்டுப்போன இந்த எண் நாள்தோறும் உழைக்கிறது.

இதே செம்பவாங்கின் துறைமுகப் பக்கம் இன்னொரு வேடிக்கை. பிலிப்பீன்சின் சுபிக் விரிகுடாவிலிருந்து வெளியேறிய அமெரிக்கக் கடற்படையின் தளவாடப் பிரிவு ஒன்று 1992-இல் இங்கே வந்து தங்கியது. அந்த வீரர்களுக்குக் கடற்படை அஞ்சல் எண் உண்டு. சொந்த ஊரிலிருந்து அவர்களுக்கு வரும் கடிதத்துக்கு அமெரிக்க உள்நாட்டுக் கட்டணம் ஒட்டினால் போதும். பசிபிக்கைத் தாண்டியும் அது உள்ளூர்த் தபால்தான். நேவல் பேஸ் தமிழருக்கு அந்தச் சலுகை எந்நாளும் கிடைத்ததில்லை.

கடைக்குள் தபால் என்பது ஏதோ 21-ஆம் நூற்றாண்டு நவீனம் என்று நினைத்தால், 1876-க்குப் போய்வர வேண்டும்.

அக்காலச் சிங்கப்பூரில் சீனத் தொழிலாளி ஊருக்குப் பணம் அனுப்ப அரசாங்க அஞ்சலகத்துக்குப் போகவில்லை. தன் ஊர்க்காரரின் மளிகைக் கடைக்கோ துணிக்கடைக்கோ போனார். கடைக்காரர் பணத்தை வாங்கிக்கொள்வார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குக் கடிதமும் எழுதித் தருவார். கடிதமும் பணமும் ஒன்றாகவே கப்பலேறும். தென்சீனத்துக் கிராமத்தில் கடையின் ஆள் நேரே வீட்டுக்குப் போய்க் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் பதில் வாங்கி வருவார். அந்தச் சீட்டு திரும்பிவந்து கடையில் காத்திருக்கும். கியோபி என்று அழைக்கப்படும் இந்தப் பணக் கடிதங்களை 2013-இல் யுனெஸ்கோ தன் 'உலக நினைவு' ஆவணப் பட்டியலில் சேர்த்தது.

காலனி அரசாங்கம் இதைப் பார்த்துவிட்டு, நாமே ஒரு சீனத் துணை அஞ்சலகம் திறப்போம் என்று முடிவு செய்தது. பணம் காணாமல் போகாது, கணக்கு இருக்கும், தொழிலாளிக்குப் பாதுகாப்பு என்பது அரசு சொன்ன காரணம். மார்க்கெட் ஸ்திரீட்டில் இடம் பிடித்தார்கள். நகரத்தார் கிட்டங்கிகளால் நம்மவர்களுக்குப் பழக்கமான அதே தெரு. பணம் அனுப்பும் தொழிலில் இருந்த தவுக்கேக்கள் எனப்படும் சீன முதலாளிகளுக்கு வயிற்றில் அடித்தது போலாயிற்று. 1876 டிசம்பர் 15 அன்று அஞ்சலகத்தை நடத்த வந்தவர்களின் தலைக்கு விலை வைத்துச் சுவரொட்டிகள் முளைத்தன. கூட்டம் திரண்டு அஞ்சலகத்தைத் தாக்கியது. காவல்துறை சுட்டதில் உயிர்கள் போயின. சிங்கப்பூர் வரலாற்றில் 'அஞ்சலகக் கலவரம்' என்றே அதற்குப் பெயர்.

அந்தக் கலவரத்தைத் தூண்டிவிட்டது முதலாளிகளின் லாபம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் தொழிலாளிகள் ஏன் அரசாங்கத்தின் பாதுகாப்பான கவுன்ட்டரைவிடக் கடையை நம்பினார்கள் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. கடையில் அவர் மொழி பேசினார்கள். அவர் ஊரைத் தெரிந்து வைத்திருந்தார்கள். கையில் காசு இல்லாத மாதம் கடனுக்கும் அனுப்பினார்கள். அரிசி வாங்கப் போனபோதே வேலை முடிந்தது. அஞ்சல் சேவை என்பது சட்டத்தால் மட்டும் நிற்பதில்லை, பழக்கமான வாசலில் நிற்கிறது என்று காலனி அதிகாரிகள் ஒரு பெரும் விலை கொடுத்துத் தெரிந்துகொண்டார்கள்.

தமிழர் கதையும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை. இந்திய மணியார்டர் படிவத்தின் அடியில் நாலு வரி எழுத ஒரு துண்டு விட்டிருப்பார்கள். பணத்தோடு சேர்ந்து அந்த நாலு வரியும் வீட்டுத் திண்ணைக்கு வரும். இன்றைக்கும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் கிளை அஞ்சலகம் பெரும்பாலும் அரசுக் கட்டடத்தில் இல்லை. இடம் கொடுப்பது கிளை அஞ்சலக அலுவலரின் பொறுப்பு என்பதால், அது அவர் வீட்டு முன்கட்டிலோ தெருவோர அறையிலோ சில மணி நேரம் மட்டும் நடக்கிறது. இந்தியாவின் ஏறத்தாழ 1,65,000 அஞ்சலகங்களில் மிகப் பெரும்பான்மை இப்படிக் கிராமத்தில் இருப்பவை. உலகத்தின் மிகப் பெரிய அஞ்சல் வலை ஆயிரமாயிரம் திண்ணைகளில் கட்டப்பட்டது என்றே சொல்லலாம்.

சிங்கப்பூர் நகருக்குள் இதற்கு நேர் எதிரான கனவு ஒன்று நின்றது. 1928-இல் திறக்கப்பட்ட ஃபுல்லர்ட்டன் கட்டடம். பெருந்தூண்கள், மிக நீண்ட கவுன்ட்டர், தபால் பைகளைத் துறைமுகப் படகுத்துறைக்குக் கொண்டுபோகச் சாலைக்கடியில் ஒரு சுரங்கவழி. தலைமை அஞ்சலகம் 1996 வரை அங்கே இருந்தது. 2001-இல் அது ஐந்து நட்சத்திர ஹோட்டலானது. தலைமை அஞ்சலகம் பாய லேபாருக்குப் போய் சிங்போஸ்ட் சென்டர் என்ற கட்டடத்தில் குடியேறியது. அந்தக் கட்டடமும் சும்மா இருக்கவில்லை. 2017-இல் கீழ்த்தளங்கள் கடைத்தொகுதியாகத் திறக்கப்பட்டன. அஞ்சல் நிறுவனமே கடைத்தொகுதிக்குச் சொந்தக்காரராகிவிட்டது! கடைக்குள் அஞ்சலகம் என்ற கதை இங்கே தலைகீழாகி அஞ்சலகத்துக்குள் கடை என்றாயிற்று.

இனி, கடைத்தொகுதிக்குள் ஓர் ஆபத்து இருக்கிறது என்றேனே, அதற்கு வருவோம்.

சிங்கப்பூரில் அஞ்சல் ஒரு அரசுத் துறை இல்லை. 1982-இல் அஞ்சல் துறை தொலைத்தொடர்பு ஆணையத்தோடு இணைக்கப்பட்டது. 1992-இல் அந்த ஆணையத்திலிருந்து சிங்டெல் நிறுவனம் பிரிந்தபோது அஞ்சல் அதன் துணை நிறுவனமாயிற்று. சிங்போஸ்ட் என்ற அந்த அஞ்சல் நிறுவனம் 2003-இல் பங்குச் சந்தைக்கு வந்தது. 2007 ஏப்ரலில் சாதாரணக் கடித விநியோகத்திலும் போட்டி அனுமதிக்கப்பட்டது. ஆனால் தீவு முழுவதும் எல்லா வாசலுக்கும் கடிதம் கொண்டுபோக வேண்டிய கடமை, உரிமத்தின் வழியாக சிங்போஸ்ட்டின் தலையில்தான் இருக்கிறது. லாபத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய நிறுவனம், லாபமில்லாத கடமை: இரண்டும் ஒரே வீட்டில்.

கடிதம் பெருகிய காலத்தில் இந்த முரண் தெரியவில்லை. வங்கி அறிக்கைகளும் கட்டண ரசீதுகளும் மின்னஞ்சலுக்குப் போனபிறகு தெரிந்தது. 2022–23 நிதியாண்டில் உள்நாட்டு அஞ்சல், பொட்டலப் பிரிவு 15.9 மில்லியன் வெள்ளி நட்டம் காட்டியது. 2023 அக்டோபர் 9 முதல் சாதாரண உள்நாட்டுக் கடிதத்தின் கட்டணம் 31 காசிலிருந்து 51 காசுக்குத் தாவியது. 2025 தொடக்கத்தில் அது 62 காசானது. இரண்டே ஆண்டுக்குள் இருமடங்கு. அதற்காக யாரும் தெருவில் இறங்கவில்லை. இறங்கும் அளவுக்கு யார் கடிதம் அனுப்புகிறார்கள்?

அஞ்சல்தலை விலை செய்தித்தாளில் வரும். கவுன்ட்டரின் வாடகை வராது. கடைத்தொகுதியில் ஒவ்வொரு சதுர அடிக்கும் ஒரு விலை உண்டு. குமிழித் தேநீர்க் கடையும் பல் மருத்துவ நிலையமும் அழகு நிலையமும் அதே இடத்துக்குப் போட்டி போடும். அஞ்சலகத்தால் அந்தப் போட்டியில் வெல்ல முடியாது. அது விற்பது 62 காசுப் பொருள். வாடகை ஒப்பந்தம் முடியும் ஒவ்வொரு முறையும் அந்த ஊர் அஞ்சலகத்தின் தலையெழுத்து மறுபடி எழுதப்படுகிறது. இது செம்பவாங்குக்கு மட்டும் உரிய பிரச்சினை இல்லை. பிரிட்டனில் நூற்றுக்கும் மேற்பட்ட அஞ்சலகங்கள் டபிள்யூ.எச். ஸ்மித் புத்தகக் கடைகளுக்குள் குடியேறின. கடையின் கை மாறும்போதெல்லாம் உள்ளே இருக்கும் அஞ்சலகம் என்னாகும் என்ற கவலை அந்த ஊர்க்காரர்களுக்கு வந்துபோகிறது.

இப்போது செம்பவாங்கின் இன்னொரு வாசலைப் பாருங்கள். சன் பிளாசாவின் ஐந்தாம் தளத்தில் இருக்கும் நூலகமும் ஒரு கடைத்தொகுதிக்குள்தான் இருக்கிறது. அதற்கும் இடம் பிடிக்கிறது, அதற்கும் மின்சாரம், ஊழியர், குளிர்சாதனம் எல்லாம் வேண்டும். ஒரு புத்தகத்துக்கு எத்தனை காசு வருமானம் என்று அதை யாரும் கேட்பதில்லை; அது பொதுப் பணத்தில் நிற்கிறது, நிற்கவும் வேண்டும். புக்கிட் கேன்பரா வளாகத்திலும் நீச்சல் குளம், உணவங்காடி நிலையம், பலதுறை மருந்தகம் எல்லாம் அதே பொதுநலக் கணக்கில் வந்தவை. அஞ்சல் கவுன்ட்டரை மட்டும் ஏன் குமிழித் தேநீர்க் கடையின் தராசில் நிறுத்துகிறோம்? அடையாள அட்டை கொடுப்பதும், நீதிமன்றத்திலிருந்து வந்த பதிவு அஞ்சலைக் கைசேர்ப்பதும், கைத்தொலைபேசி தெரியாதவரின் கட்டணத்தை வாங்கிக்கொள்வதும் எந்தக் கணக்கில் கடைச் சரக்கு?

அரசாங்கமே தபாலை நம்பித்தான் இன்னும் பல காரியங்களைச் செய்கிறது. வீட்டு முகவரி மாற்றத்தை 2020-இலிருந்து இணையத்தில் பதியலாம்; ஆனால் அந்தப் புது முகவரியில் நீங்கள் உண்மையிலேயே இருக்கிறீர்களா என்று உறுதிப்படுத்தும் ரகசிய எண் தாளில் அச்சிட்டு, உறையில் போட்டு, வீவக அடித்தள அஞ்சல் பெட்டிக்குத்தான் வருகிறது. வாக்காளர் அட்டையும் அப்படியே. 2023 அதிபர் தேர்தலில் வெளிநாட்டில் இருக்கும் சிங்கப்பூரர்கள் முதன்முறையாகத் தபால் வழியே வாக்களித்தார்கள். மின்னிலக்க நாடு என்று பெயர் வாங்கிய நாட்டில் வாக்குச்சீட்டு உறைக்குள் பயணம் செய்கிறது.

பொட்டலப் பெட்டிகள் இருக்கின்றனவே என்று ஒரு பதில் வரும். அதில் உண்மை இருக்கிறது. தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் முன்னின்று அமைத்த 'பிக்' வலையமைப்பு தீவு முழுக்க சுமார் 1,000 பெட்டி நிலையங்களைக் கொண்டது. வீவக புளோக்குகளின் அடித்தளத்திலும் சமூக மன்றங்களிலும் ரயில் நிலையங்களிலும் நிற்கின்றன. எந்த நிறுவனத்தின் பொட்டலமும் அதில் வரலாம் என்பது அதன் சிறப்பு. இரவு 11 மணிக்குப் பணிமாற்றம் முடிந்து வரும் செவிலியருக்கு அதைவிட வசதியான அஞ்சலகம் கிடையாது. குறுஞ்செய்தியில் வந்த எண்ணைத் தட்டினால் கதவு திறக்கும்.

ஆனால் பெட்டியிடம் கேள்வி கேட்க முடியாது. இந்தப் படிவத்தில் எங்கே கையெழுத்துப் போடுவது, ஊருக்கு மருந்து அனுப்பலாமா, சுங்கச் சீட்டில் என்ன எழுதுவது, இந்தக் கடிதம் உண்மையா மோசடியா என்று கேட்க ஒரு முகம் வேண்டும். மோசடிக் குறுஞ்செய்திகள் அஞ்சல் நிறுவனத்தின் பெயரிலேயே வரும் காலம் இது. 'உங்கள் பொட்டலம் நிற்கிறது, கட்டணம் கட்டுங்கள்' என்ற இணைப்பைத் தொடுவதற்கு முன் கவுன்ட்டரில் இருக்கும் அங்கிளிடமோ ஆன்ட்டியிடமோ கைத்தொலைபேசியை நீட்டிக் காட்ட முடிகிற முதியவருக்கு அந்த அஞ்சலகம் காவல் நிலையத்துக்குச் சமம்.

கப்பல் பட்டறைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் வேலை பார்க்கும் தமிழ்நாட்டுத் தொழிலாளிகளை விட்டுவிட்டு செம்பவாங்கின் தபாலைப் பேச முடியாது. பணம் அனுப்ப அவர்கள் இனி யாருடைய கவுன்ட்டரையும் நம்பியிருக்கவில்லை. 2023 பிப்ரவரி 21 அன்று சிங்கப்பூரின் பேநவ், இந்தியாவின் யுபிஐ என்னும் பணப்பரிமாற்ற முறைகள் இணைக்கப்பட்டன; தங்கும் விடுதியின் கட்டிலில் படுத்தபடி பட்டுக்கோட்டைக்குப் பணம் அனுப்பலாம். மணியார்டரின் கதை அங்கே முடிந்தது. ஆனால் பொருள் அனுப்புவது முடியவில்லை. தங்கைக்குக் கைப்பை, அப்பாவுக்குத் தைலம், குழந்தைக்குச் சாக்லேட், விளையாட்டுப் பொம்மை. இதற்கு ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் போகிறார்கள். சிராங்கூன் சாலையையும் அதன் சந்துகளையும் சுற்றிப் பார்சல் அனுப்பும் கடைகள். கைப்பேசி அட்டை விற்கிறவரே பார்சலும் எடுக்கிறார், பக்கத்தில் பணமும் மாற்றித் தருகிறார், தமிழில் பேசுகிறார். 1876-இன் மார்க்கெட் ஸ்திரீட் எங்கும் போகவில்லை. சிராங்கூன் சாலைக்கு வீடு மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான்.

செம்பவாங் அஞ்சலகம் அந்தத் தொழிலாளியைத் தன் வாசலுக்குள் இழுக்க முடிந்திருக்குமா என்று யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை திறந்திருந்தால், கட்டணப் பலகை தமிழிலும் வங்காளத்திலும் இருந்தால், சுங்கப் படிவத்தை நிரப்ப ஒருவர் உதவினால் முடியும். கடைக்காரர்கள் செய்வது அதைத்தான். அரசு சார்ந்த சேவைகள் தங்கள் நேரத்துக்கு மக்கள் வரவேண்டும் என்று நினைக்கின்றன. கடைக்காரர் மக்களுக்கு ஓய்வு கிடைக்கும் நேரத்துக்குக் கடையைத் திறக்கிறார். கடைத்தொகுதிக்குள் வந்த அஞ்சலகம் இடத்தை மட்டும் கடையிடமிருந்து எடுத்துக்கொண்டது, நேரத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

கவுன்ட்டர் முற்றிலும் இல்லாத உலகம் எப்படி இருக்கும் என்பதற்கு டென்மார்க் ஒரு சோதனைக்கூடம். 1624-இல் தொடங்கிய அரசு அஞ்சல் சேவையின் வழிவந்த போஸ்ட்நோர்ட் நிறுவனம் 2025 டிசம்பர் 30 அன்று கடைசிக் கடிதத்தைக் கொடுத்துவிட்டுக் கடித விநியோகத்தை நிறுத்திக்கொண்டது. 2000-இலிருந்து கடிதங்கள் 90 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிட்டன என்பது அவர்கள் காட்டிய காரணம். தெருவோரத்துச் சிவப்புப் பெட்டிகளைப் பிடுங்கி விற்றார்கள். பொட்டலம் மட்டும் மிச்சம். இந்தியாவோ வேறு பாதையில் போகிறது. 2025-இல் பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டது, ஆனால் கிராமத்துக் கிளைகளை மூடவில்லை. வங்கி, ஆதார் என்று அவற்றின் தலையில் புதுப்புது வேலைகளை ஏற்றி உயிரோடு வைத்திருக்கிறது. டென்மார்க்கைவிட இந்திய வழி செம்பவாங்குக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம். அடையாள அட்டை ஏற்கெனவே கவுன்ட்டருக்கு வந்துவிட்டது. பற்றுச்சீட்டு, உதவித்தொகை, மின்னிலக்கக் கணக்கில் நுழைய முடியாதவருக்கு வழிகாட்டல் என்று இன்னும் பலவற்றை அங்கே வைக்கலாம். வைக்கும்போது அதற்கான செலவையும் அரசு கொடுக்க வேண்டும். வேலையை மட்டும் கொடுத்துவிட்டு வாடகையை அஞ்சல்தலையில் எடுத்துக்கொள் என்பது நியாயமில்லை.

இதைப் பேசுவதற்குச் சரியான நேரம் இது. செம்பவாங் மறுபடி மாறப்போகிறது. செம்பவாங் நார்த் என்ற பெயரில் புதிய குடியிருப்பு வட்டாரம் வருகிறது. சுமார் 8,000 வீவக வீடுகளும் 2,000 தனியார் வீடுகளும் அங்கே திட்டமிடப்பட்டுள்ளன. முதல் விற்பனை 2025 ஜூலையில் தொடங்கியது. கப்பல் பட்டறை இடம்பெயர்ந்தபின் அந்தக் கரையோரத்தையும் மக்கள் கூடும் இடமாக்கப் போகிறார்கள். 1938-இன் உலர்துறையும் அந்தத் திட்டத்துக்குள் இருக்கிறது. புது வட்டாரத்தின் அடித்தளங்களில் பொட்டலப் பெட்டிகள் யாரும் கேட்காமலே வந்துவிடும். அதற்கு ஒரு சுவரும் ஒரு மின் இணைப்பும் போதும். அஞ்சல் கவுன்ட்டருக்கு இடம் வேண்டும், ஆள் வேண்டும், வாடகை யார் தருவது என்ற முடிவு வேண்டும். நூலகத்துக்கும் மூத்தோர் நிலையத்துக்கும் தளம் ஒதுக்கும் அதே வரைபடத்தில், கடைகளுக்கு ஏலம் விடுமுன், அந்த இருபது முப்பது சதுர மீட்டரையும் பென்சிலால் குறித்துவிட்டால் பிறகு ஏலத்தில் யாரோடும் மல்லுக்கட்ட வேண்டியிருக்காது.